நார்கண்டா: சொட்டு சொல்லும் சேதி

ஆப்பிள் ஏற்றிய பிக்-அப்பின் மூக்கில் எது ஒழுகுகிறது? கண்டுபிடிக்க ஓர் அட்டையும் கொஞ்சம் சமதரையும் போதும். இமாசல மலையில் அட்டை தாராளம். சமதரைக்குத்தான் தட்டுப்பாடு.

காலை ஐந்தரை மணி. நார்கண்டா கடைத்தெருவில் டீக்கடை மட்டும் விழித்திருக்கிறது. ஹாட்டு சிகரத்திலிருந்து இறங்கிய மேகம் தேவதாரு மரங்களின் இடுப்பளவில் நிற்கிறது. கோட்கர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மேலேறி வந்த ஒரு பிக்-அப், சாலைச் சரிவில் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக நிற்கிறது. பின்னால் தார்ப்பாயின் கீழ் 80 பெட்டி ஆப்பிள். முன்னால், பம்பருக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம்.

மழைத் தண்ணீர் என்றுதான் டிரைவர் மூன்று நாளாக நம்பிவந்தார். செப்டம்பர் மாதம், மலையில் எல்லாமே ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரேடியேட்டருக்கு மேலே உள்ள டப்பாவில் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. நேற்று மாலை கீழே ஒரு பட்டறையில் குனிந்து பார்த்தவர் அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ரேடியேட்டர் போய்விட்டது. மாற்ற வேண்டும்." சொன்ன விலை டிரைவரின் ஒரு மாத வங்கித் தவணைக்குச் சமம். வண்டி அவருடையது, கடனும் அவருடையது. இன்றைய சரக்கு மட்டும் வேறொருவருடையது. அது 150 கி.மீ.க்கும் அதிக தூரம் இறங்கி பர்வானு மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும்.

நார்கண்டா ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1850ல் டல்ஹௌசி பிரபு காலத்தில் போடத் தொடங்கிய இந்துஸ்தான்-திபெத் சாலை இதன் வழியாகத்தான் போகிறது. ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் நடந்த பாதை. பின்பு தேசிய நெடுஞ்சாலை 22 ஆனது. இப்போது எண் 5. இங்கிருந்து ஒரு கிளைச் சாலை இறங்கிச் சேரும் கோட்கரில்தான் பிலடெல்ஃபியாவிலிருந்து வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் குடியேறினார். 1904ல் இந்தியாவுக்கு வந்தவர், 1916ல் அமெரிக்காவிலிருந்து 'ரெட் டெலிஷியஸ்' ஆப்பிள் கன்றுகளை வரவழைத்து நட்டார். விடுதலைப் போராட்டத்தில் 1921ல் சிறை சென்றார். 1932ல் இந்து மதத்துக்கு மாறி சத்தியானந்தர் ஆனார். அவர் நட்ட கன்றுகளின் வழித்தோன்றல்கள் இன்று மாநிலம் முழுவதும் ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் பரவியிருக்கின்றன. தமிழ்நாட்டுப் பழக்கடைகளில் 'சிம்லா ஆப்பிள்' என்று கூவி விற்கப்படும் பழத்தின் பூர்வீகம் இந்தச் சரிவுகள்தான்.

பழம் மரத்தில் இருக்கும்வரை அது தோட்டக்காரரின் கவலை. பெட்டிக்குள் போன நிமிடத்திலிருந்து அது பிக்-அப்பின் கவலை. பெரிய லாரி திரும்ப முடியாத தோட்டத்துச் சாலைகளில் பிக்-அப்தான் போகும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை இரவு பகலாக நேபாளத் தொழிலாளர்கள் ஏற்ற, இந்த வண்டிகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. 2024ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து 20 கிலோ கொள்ளும் ஒரே அளவுப் பெட்டியை மாநில அரசு கட்டாயமாக்கியது. அதற்கு முன் ஒரு பெட்டிக்குள் எத்தனை கிலோ திணித்திருக்கிறார்கள் என்பது திணித்தவருக்குத்தான் தெரியும். இப்போது டிரைவருக்குக் கணக்கு சுலபம்: 80 பெட்டி என்றால் 1,600 கிலோ. அந்தப் பாரத்தோடு கோட்கரிலிருந்து நார்கண்டாவுக்கு ஏறுவதுதான் எஞ்சினுக்குப் பரீட்சை. டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி நின்றதை இன்று டிரைவர் பார்த்துவிட்டார். அதனால்தான் நின்றார்.

டீக்கடையிலிருந்து நூறு அடி தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அதன் முன்னால் இரண்டு வண்டி நிற்கும் அளவுக்கு ஒரு சிமென்ட் தளம். மலையை வெட்டிச் சமன் செய்த இந்தத் துண்டு நிலம்தான் கடையில் உள்ள எல்லாக் கருவிகளையும்விட விலை உயர்ந்தது. சமவெளியிலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே பழுதுபார்க்கும் மெக்கானிக்கை ஊரில் எல்லோரும் 'உஸ்தாத்' என்கிறார்கள். அவர் பானட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விகள்.

"பிரேக் மிதித்தால் எப்படி இருக்கிறது, தம்பி? வழக்கத்தைவிட உள்ளே போகிறதா?"

"இல்லை, உஸ்தாத்."

"ஸ்டீயரிங் கனக்கிறதா? வண்டி ஓடும்போது ஒழுகுகிறதா, நின்ற பிறகா? எவ்வளவு ஊற்றினாய்? எதை ஊற்றினாய்?"

கடைசிக் கேள்விக்கு டிரைவர் கொஞ்சம் தயங்குகிறார். ஊற்றியது ஓடைத் தண்ணீர்.

பிரேக்கை முதலில் கேட்டதற்குக் காரணம் உண்டு. வண்டியின் முன்பக்கத்தில் ஒழுகக்கூடிய திரவங்கள் ஏழெட்டு. மற்றவை ஒழுகினால் பெரும்பாலும் வண்டி நின்றுபோகும். பிரேக் ஆயில் ஒழுகினால் வண்டி நிற்காது. மலையில் இரண்டாவதுதான் ஆபத்து. ஆகவே உஸ்தாத் பிரேக் ஆயில் டப்பாவின் அளவைப் பார்க்கிறார். பிறகு தரையில் படுத்து, டார்ச் அடித்து, இரண்டு முன்சக்கரங்களின் உட்பக்கத்தையும் தடவிப் பார்க்கிறார். காய்ந்த சேறு மட்டுமே. பிரேக் ஆயில் இருந்தால் அந்தச் சேறு கருத்துக் குழைந்திருக்கும். பெயின்ட்டில் பட்ட இடம் உரிந்து வந்திருக்கும்.

அடுத்து வண்டி சிமென்ட் தளத்துக்கு நகர்த்தப்படுகிறது. கிழிந்த ஆப்பிள் பெட்டி ஒன்றைப் பிரித்து, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி எஞ்சினுக்கு அடியில் விரிக்கிறார்கள். சக்கரங்கள் எங்கே நிற்கின்றன, எது முன்பக்கம் என்று அட்டையின் ஓரத்தில் பென்சிலால் குறி. "இதுதான் எங்கள் ஈசிஜி" என்று சிரிக்கிறார் உஸ்தாத். பிறகு டீ. அரை மணி நேரம் யாரும் வண்டியைத் தொடுவதில்லை.

அட்டை வெளியே வந்தபோது அதில் இரண்டு விதமான கறைகள். ஒன்று கறுப்பு, சிறிது, நடுவில். இன்னொன்று பெரிது, வெளிர் பச்சை. கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில்: டீசல் எஞ்சினில் புது ஆயிலும் சில நூறு கிலோமீட்டரில் கறுத்துவிடும். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் ஆயில். நிறமே இல்லாமல் வழுவழுவென்று, சக்கரத்தருகே இருந்தால் பிரேக் ஆயில்; பழையதானால் பழுப்பு. நான்கு சக்கர இழுவை வண்டிகளில் முன் ஆக்சிலிலிருந்து கெட்டியாக இறங்கும் கியர் ஆயிலை மூக்கே சொல்லிவிடும், கந்தக நாற்றம். நிறமும் மணமும் இன்றி, தொட்டுத் தேய்த்தால் விரலில் ஒன்றும் மிஞ்சாதது வெறும் தண்ணீர்: ஏசி உள்ள வண்டியில் அது இயல்பு, ஏசி இல்லாத வண்டியில் மழை. பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று வந்து, விரலில் பிசுபிசுத்து, லேசாகத் தித்திப்பு வாசனை அடித்தால் அது கூலன்ட்.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்கிறார் உஸ்தாத். கூலன்ட்டின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியின் சொந்த டப்பாவில் என்ன நிறம் இருக்கிறதோ அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. இங்கே இரண்டும் வெளிர் பச்சை. ஓடைத் தண்ணீர் கலந்து நீர்த்துப்போன பச்சை. ஒரு தடை மட்டும் உண்டு: நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். அந்த இனிப்புக்காக நக்கும் நாய்கள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. பட்டறை வாசலில் எப்போதும் இரண்டு நாய்கள் படுத்திருக்கும் காரணத்தால், சிந்தியதை மரத்தூள் போட்டு உடனே அள்ளிவிடுவது இங்கே சட்டம்.

சரி, கூலன்ட். அப்படியானால் கீழ்ப் பட்டறைக்காரர் சொன்னபடி ரேடியேட்டர்தானே? டிரைவர் கேட்கிறார். உஸ்தாத் அட்டையைக் காட்டுகிறார். சாலைச் சரிவில் நின்றபோது ஈரம் பம்பருக்குக் கீழே, ரேடியேட்டருக்கு நேராக இருந்தது. சமதரையில் நின்றபோது பச்சைக் கறை ஒன்றரை அடி பின்னால், எஞ்சினின் முன்முகத்துக்கு நேராக விழுந்திருக்கிறது. வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றால், பின்னால் கசிந்த திரவம் சேஸியின் குறுக்குச் சட்டத்தில் இறங்கி, அதன் வழியே முன்னால் ஓடி, ரேடியேட்டருக்கு அடியில் சொட்டும். வண்டி ஓடும்போது நடப்பது நேர் எதிர்: காற்றும் ஃபேனும் சேர்ந்து ஈரத்தைப் பின்னால் விசிறிவிடும், எஞ்சினின் முகத்தில் தொடங்கிய கசிவு கியர் பாக்ஸ் வரை நனைத்திருக்கும். சொட்டு தான் விழுந்த இடத்தைச் சொல்லும். புறப்பட்ட இடத்தைச் சொல்லாது. புறப்பட்ட இடம் வேண்டுமென்றால் ஈரத்தின் மிக உயரமான, மிக முன்னாலிருக்கும் விளிம்பைத் தேட வேண்டும்.

எஞ்சின் ஆறியிருக்கிறது. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு எஞ்சினின் முன்பக்கத்தைக் கழுவி, துணியால் துடைத்து உலர்த்துகிறார்கள். பிறகு உஸ்தாத்தின் இருபது வயது சீடர் ஒரு டப்பாவைக் கொண்டுவருகிறார்: கேரம் பலகைக்குப் போடும் பவுடர். ஹோஸ்கள், கிளிப்புகள், வாட்டர் பம்ப் எல்லாவற்றின்மீதும் அதைத் தூவி, எஞ்சினை ஓட விடுகிறார்கள். பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் இதற்குச் சாயம் கலந்து நீல விளக்கு அடிப்பார்கள். காற்றழுத்தம் ஏற்றும் கருவி வைத்திருப்பார்கள். இங்கே பவுடர் போதுகிறது. பத்து நிமிடத்தில் எஞ்சின் சூடேறி, உள்ளே அழுத்தம் கூடியதும், வெள்ளைப் பொடியில் ஒரு கோடு நனைகிறது. மேல் ஹோஸ் உலர்ந்தே இருக்கிறது. ரேடியேட்டர் உலர்ந்தே இருக்கிறது. கோடு தொடங்கும் இடம் வாட்டர் பம்ப்பின் அடியில், பென்சில் முனை அளவுள்ள ஒரு துளை.

இந்தத் துளை பழுதால் விழுந்ததல்ல. தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்புவது. ஆங்கிலத் தொழில்நூல்களில் இதற்கு 'அழும் துளை' என்று பொருள்படும் பெயர். பம்ப்பின் தண்டில் ஒருபுறம் கூலன்ட்டைத் தடுக்கும் சீல், மறுபுறம் பேரிங். இரண்டுக்கும் நடுவே இருக்கிறது துளை. சீல் தேய்ந்து கூலன்ட் உள்ளே புகுந்தால், அது பேரிங்கைத் தொடாமல் வெளியே வழிந்துவிட வேண்டும். வழிவதைப் பார்த்து வண்டிக்காரர் விழித்துக்கொள்ள வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். லேசான கறை இருந்தால் பாதகமில்லை. சொட்டினால் சீலின் காலம் முடிந்தது.

டார்ச் வெளிச்சத்தில் துளையின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. பிசைந்து அடைக்கும் பசை. முன்பு யாரோ சொட்டுவதைப் பார்த்திருக்கிறார்; ஓட்டை என்று நினைத்து அடைத்திருக்கிறார். சொட்டு நின்றிருக்கும், எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். வெளியே வர வழியில்லாத கூலன்ட் பேரிங்குக்குள் போய் அதன் கிரீஸைக் கரைத்திருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு உஸ்தாத் ஃபேனை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கிறார். டக், டக். ஆடக்கூடாத தண்டு ஆடுகிறது.

"ரேடியேட்டர் குற்றவாளி இல்லை. அடுத்த பலி" என்கிறார். இந்த வண்டியில் ஃபேன் பம்ப்பின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பேரிங் உடைந்தால் ஃபேன் ஆடிப்போய் ரேடியேட்டரைக் கிழிக்கும்.

ஆனால் அவருடைய பயம் ரேடியேட்டர் பற்றியதல்ல. தோட்டக்காரர் போனில் கேட்கிறார்: டப்பாவில் தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள்தூள் போட்டு விட்டால் பர்வானு வரை தாங்காதா? எப்படியும் இறக்கம்தானே? கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாடு முழுக்க டிரைவர்கள் ரேடியேட்டரின் ஊசிமுனை ஓட்டைக்கு மஞ்சள்தூள் போட்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மண்டியில் காலை ஏலத்தைத் தவறவிட்டால் விலை காத்திருக்காது. 2023 மழையில் சாலைகள் அறுந்தபோது ஏற்றிய சரக்கு வழியிலேயே கிடந்ததை இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மறக்கவில்லை.

உஸ்தாத் போனை வாங்கி இரண்டு விஷயம் சொல்கிறார். முதலாவது, இறக்கம் மட்டும் அல்ல. தியோக் வரை இறங்கும் சாலை, அங்கிருந்து பாகுவுக்கும் குப்ரிக்கும் மறுபடி ஏறுகிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் நார்கண்டா உயரத்தில் ஏறக்குறைய 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் அந்தக் கொதிநிலை 110 டிகிரிக்கு மேல் போய், எஞ்சின் பிழைக்கிறது. ஒழுகும் வண்டியில் அழுத்தம் நிற்காது. மற்ற இடத்தில் சமாளித்துவிடும் கசிவு மலையேற்றத்தில் எஞ்சினை வேகவைக்கும். பதறிப்போய்ச் சூட்டோடு மூடியைத் திறப்பவரின் முகமும் கையும் வேகும்.

இரண்டாவது விஷயத்தை அவர் மெதுவாகச் சொல்கிறார். பம்ப்பைச் சுற்றும் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. இந்த ரக டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பம்ப்பின் பேரிங் இறுகி பெல்ட் அறுந்தால், இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். 1,600 கிலோ ஆப்பிள் பின்னாலிருந்து தள்ள, சோலன் இறக்கத்தில் ஒருவர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். "பெட்டி போனால் பெட்டி. பையன் போனால்?" போனில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, சரக்கை வேறு வண்டிக்கு மாற்றச் சொல்லிவிட்டார் தோட்டக்காரர்.

எட்டு மணிக்கு இன்னொரு பிக்-அப் வருகிறது. 80 பெட்டிகளும் கை மாறுகின்றன. அது பர்வானு போகாது. தியோக் அருகே பராலா மண்டி வரைதான். விலை கொஞ்சம் குறையலாம். டிரைவருக்கு அன்றைய வாடகை போயிற்று. சிம்லாவில் ஒரு கடையில் வாட்டர் பம்ப் இருக்கிறது என்று போனில் உறுதியானதும், அது நார்கண்டா வரும் அரசுப் பேருந்தில் கண்டக்டர் பொறுப்பில் ஏற்றிவிடப்படுகிறது. மலையில் உதிரிபாகங்கள் பயணிகளைப் போலவே டிக்கெட் எடுத்து வருகின்றன.

பிற்பகலில் பழைய பம்ப் கழன்று மேஜைக்கு வருகிறது. தண்டைச் சுற்றினால் மணலை அரைப்பதுபோல் சத்தம். உள்ளே பழுப்பு நிறத்தில் துரு: ஓடைத் தண்ணீரின் கைங்கரியம். கூலன்ட் என்பது வெறும் குளிர்விக்கும் திரவம் அல்ல. துருவைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் இன்னொரு காரணமும் சேரும். ஜனவரி இரவில் நார்கண்டாவில் வெறும் தண்ணீர் உறைந்து சுமார் 9 சதவீதம் விரியும். அந்த விரிவுக்கு ரேடியேட்டரோ எஞ்சின் பிளாக்கோ வழிவிட்டு வெடிக்கும். டிரைவர் தலையாட்டிக்கொண்டே கேட்கிறார். கூலன்ட் கேனின் விலைச் சீட்டையும் பார்த்துக்கொள்கிறார். ரேடியேட்டருக்குச் சொன்ன விலையோடு ஒப்பிட்டால் பம்ப், பெல்ட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்ந்தும் பாதிகூட இல்லை.

புது பம்ப், புது பெல்ட். கூலன்ட்டும் சுத்தமான தண்ணீரும் பாதிக்குப் பாதி. எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே மாட்டிய காற்றெல்லாம் குமிழியாக வெளியேறும்வரை காத்திருந்து, மூடியைத் திருகுகிறார்கள். புது பம்ப்பின் அடியிலும் அதே சிறு துளை. அதை விரலால் தொட்டுக் காட்டி, "இதை மட்டும் எவனும் அடைக்காமல் பார்த்துக்கொள்" என்கிறார் உஸ்தாத்.

அன்றிரவு வண்டி சிமென்ட் தளத்திலேயே நிற்கிறது, அடியில் புது அட்டையுடன். காலையில் டிரைவர்தான் முதலில் குனிந்து பார்க்கிறார். பச்சை இல்லை. நடுவில் மட்டும், நேற்றுப் பார்த்த இடத்திலேயே, மிளகு அளவுக்கு ஒரு கறுப்புச் சொட்டு. எஞ்சின் சம்ப்பின் பழைய கேஸ்கெட் வழியே கசிவது. வாரம் ஒருமுறை ஆயில் குச்சியை இழுத்து அளவைப் பார்த்தால் போதும், பருவம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் உஸ்தாத். எல்லாச் சொட்டுக்கும் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. எந்தச் சொட்டுக்கு நிறுத்துவது என்று தெரிந்தால் சரி.

கோட்கரில் அடுத்த சரக்கு காத்திருக்கிறது. புறப்படும்போது டிரைவர் அந்த அட்டையை மடித்து சீட்டுக்குப் பின்னால் செருகிக்கொள்கிறார். உஸ்தாத் சிரிக்கிறார்.

"ஆப்பிள் ஊரில் அட்டைக்கா பஞ்சம், தம்பி? நிறுத்துவதற்குச் சமதரையைத் தேடு."